ஆக்வர்ட்: எங்கிருந்து வந்தது, ரஷ்யனில் எதைப் போடுவது?

4 பிப்ரவரி – கேள்வி

ஆங்கிலப் பெயரடை ‘ஆக்வர்ட்’. அகராதியில் இதற்கு ரஷ்யனில் முதலில் ‘நெஉக்லியூஷி’ என்று போட்டிருக்கிறது. அதை நம்பி ‘ஆக்வர்ட் சைலன்ஸ்’ என்பதை ‘நெஉக்லியூஷெயே மோல்ச்சானியே’ என்று எழுதினால், ரஷ்யர்கள் ‘அப்படி யாரும் சொல்வதில்லை’ என்கிறார்கள். அகராதி தப்பா? இந்தச் சொல்லின் உண்மையான பொருள் என்ன, வேர் என்ன, ரஷ்யனில் எதை எங்கே போடுவது?

4 பிப்ரவரி, இரவு

அகராதி தப்பில்லை. அதில் முதலில் நிற்பது உங்கள் வாக்கியத்துக்கு உரிய சொல் இல்லை, அவ்வளவுதான். ‘நெஉக்லியூஷி’ என்பது கைகால், நடை, அசைவு சம்பந்தப்பட்டது. கரடி நடப்பதும், பெரிய உடம்புக்காரர் குறுகிய வாசலில் நுழைவதும் நெஉக்லியூஷி. மௌனத்துக்குக் கைகால் இல்லை. நீங்கள் எழுத வேண்டியது ‘நெலோவ்கோயே மோல்ச்சானியே’.

வேர் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன். அதற்குள் ஒரு பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆக்வர்டைக் கண்டவுடன் ரஷ்யனுக்கு ஓடாதீர்கள். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். லாவகமில்லாத கை, வாகில்லாத பிடி, சங்கடமான மௌனம், ஏடாகூடமான கேள்வி, இடக்குப் பிடித்த ஆள் என்று தமிழ் ஐந்து வேறு சொற்களை எடுக்கிறது. ரஷ்யனும் கிட்டத்தட்ட அதே இடங்களில்தான் பிரிகிறது. ஆங்கிலம் ஒன்றுதான் எல்லாவற்றையும் ஒரே பைக்குள் போட்டு வைத்திருக்கிறது.

5 பிப்ரவரி

வேர்.

ஆக்வர்ட் இரண்டு துண்டு. முன்பாதி ‘ஆக்’, பின்பாதி ‘வர்ட்’. பின்பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஃபார்வர்ட், பேக்வர்ட், ஹோம்வர்ட் என்று திசை காட்டும் ஒட்டு. முன்பாதிதான் இன்றைக்கு ஆங்கிலத்தில் தனியாக இல்லாமல் போய்விட்டது. அது பழைய நார்ஸ் மொழியின் ‘ஒஃபுகர்’ என்பதிலிருந்து வந்தது. பொருள்: திரும்பிக் கிடக்கும், தலைகீழான, எதிர்ப்பக்கமான. வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியபோது ஆங்கிலத்துக்குள் விட்டுப்போன நூற்றுக்கணக்கான சொற்களில் இதுவும் ஒன்று.

அதன் உறவினர்கள் வடக்கே இன்னும் நலமாக இருக்கிறார்கள். ஐஸ்லாந்து மொழியில் ‘ஒஃபுகுர்’ என்றால் இன்றும் தலைகீழ். ஸ்வீடிஷில் ‘ஆவிக்’ என்றால் துணியின் உள்பக்கம் வெளியே தெரிவது. ஸ்வெட்டர் பின்னும்போது போடும் பர்ல் கண்ணிக்கு அங்கே ‘ஆவிக்மஸ்கா’ என்று பெயர்.

ஆக, 14ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆக்வர்ட் ஆங்கிலத்தில் தலைகாட்டியபோது அது பெயரடையே இல்லை, வினையடை. ‘தப்பான பக்கமாக’ என்று பொருள். 15ஆம் நூற்றாண்டு வீரக் கதைகளில் ‘ஆக் ஸ்ட்ரோக்’ என்று வரும். வாளைப் புறங்கையால் திருப்பி வீசும் வெட்டு அது. அதில் தடுமாற்றமோ கூச்சமோ கிடையாது. எதிரி எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறது, அவ்வளவே. பெயரடையான பின் ‘கோணல் புத்தி, எதிர்மறை’ என்ற பொருள் ஏறியது. 1520களில்தான் ‘அசைவில் லாவகமில்லாத’ என்ற பொருள் பதிவாகிறது. ஆளே கூச்சத்தில் நெளிவதைச் சொல்லும் பொருள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது.

அதாவது முதலில் திசை, பிறகு குணம், பிறகு உடம்பு, கடைசியில் மனசு. ரஷ்ய மொழிபெயர்ப்பில் வரும் குழப்பம் முழுவதும் கடைசி இரண்டு படிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

5 பிப்ரவரி, பின்மாலை

மேலே சொல்ல விட்டது. இந்தச் சொல்லின் இரண்டு பாதிக்கும் சொந்தக்காரர்கள் தமிழிலும் புழங்குகிறார்கள், வடமொழி வழியாக.

‘ஒஃபுகர்’ இந்தோ-ஐரோப்பிய ‘அப்போ’ என்ற வேரில் நிற்கிறது. விலகி, அப்பால் என்று பொருள். வடமொழியில் அது ‘அப’. அபசகுனம், அபகீர்த்தி, அபஸ்வரம் எல்லாவற்றிலும் முன்னால் நிற்கும் அதே ‘அப’. ‘வர்ட்’ நிற்பது ‘வெர்த்’ என்ற வேரில், பொருள் திரும்புதல், சுழலுதல். வடமொழியில் ‘வ்ருத்’. சக்கரவர்த்தியின் ‘வர்த்தி’ அதுதான். ரஷ்யனில் ‘வெர்த்தேத்’, சுழற்று, திருப்பு. காலத்தைக் குறிக்கும் ‘வ்ரேம்யா’வும் இதே வேர் என்றுதான் பெரும்பாலான சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன: திரும்பித் திரும்பி வருவது.

எனவே ஆக்வர்டின் ரஷ்ய மொழிபெயர்ப்பு எதிலும் அதன் வேர் இல்லை. ஆனால் அந்த வேர் ரஷ்யனில் வேறு சொற்களில் நன்றாகவே வாழ்கிறது.

6 பிப்ரவரி – இன்னொரு வாசகர்

‘ஆக்’ என்பது வடகடல் பறவையின் பெயர் என்று படித்திருக்கிறேன். தரையில் அது தத்தித் தத்தி நடப்பதால் ஆக்வர்ட் என்று வந்ததாம். சரியா?

6 பிப்ரவரி

இல்லை. ஒலி ஒற்றுமையை வைத்துப் பின்னாளில் கட்டிய கதை. பறவை ‘ஆக்’கும் நார்ஸிலிருந்துதான் வந்தது, ஆனால் அங்கே அதன் பெயர் ‘ஆல்கா’. நடுவில் ‘ல்’ இருக்கிறது. ‘ஒஃபுகர்’ நடுவில் ‘ஃப்’ இருக்கிறது. இரண்டும் ஆங்கிலத்துக்கு வந்து தேய்ந்து ஒரே ஒலியில் நின்றுவிட்டன. எழுத்து இன்னும் காட்டிக்கொடுக்கிறது: பறவைக்கு நடுவில் ‘யு’, நம் சொல்லுக்கு ‘டபிள்யூ’.

எழுத்தைப் பற்றிச் சொல்லும்போதே: ‘டபிள்யூ, கே, டபிள்யூ’ என்று மூன்றும் அடுத்தடுத்து வரும் ஆங்கிலச் சொல் மிக அரிது. எழுதும்போது தடுக்கும் இடமும் அதுதான். இரண்டு துண்டு என்று தெரிந்துவிட்டால் தடுக்காது: ஆக் முடிந்தது, வர்ட் தொடங்குகிறது.

7 பிப்ரவரி – கேள்வி கேட்டவர்

அப்படியானால் எல்லா இடத்திலும் ‘நெலோவ்கி’ போட்டுவிடலாமா? பாதுகாப்பான தேர்வு போலத் தெரிகிறதே.

7 பிப்ரவரி

போடக்கூடாது. ஏன் என்று பார்க்க ‘நெலோவ்கி’யைப் பிரித்துப் பார்ப்போம். ‘நெ’ மறுப்பு. ‘லோவ்கி’ என்றால் கைலாவகமுள்ள, சாமர்த்தியமான. அது ‘லோவீத்’ என்ற வினையிலிருந்து வருகிறது: பிடி, வேட்டையாடு, மீன்பிடி. லோவ்கி என்பவர் பறந்து வருவதைப் பிடிக்கத் தெரிந்தவர். நெலோவ்கி கோட்டை விடுபவர்.

இப்போது இந்த இரண்டைப் பாருங்கள்.

‘ஒன் நெலோவ்கி.’ அவன் லாவகமில்லாதவன். கையில் எடுத்ததை நழுவவிடுவான். நிரந்தரக் குணம்.

‘யெமூ நெலோவ்கோ.’ அவனுக்குச் சங்கடமாக இருக்கிறது. இந்த நேரத்து உணர்வு.

‘ஹீ ஃபெல்ட் ஆக்வர்ட்’ என்பதை முதல் வகையில் போட்டால், வெட்கப்பட்டு நின்ற ஒருவரைக் கையாலாகாதவராக ஆக்கிவிடுகிறீர்கள். தொடக்க நிலையில் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

ஆங்கிலம் வழியாக ரஷ்யன் படிக்கிறவர்களுக்கு இந்த இரண்டாம் வாக்கியம் பெரிய மலை. எழுவாய் எங்கே என்று தேடுவார்கள். தமிழர்களுக்கு மலையே இல்லை. ‘எனக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்பதில் எழுவாய் எங்கே? ‘எனக்கு’ நான்காம் வேற்றுமை. ரஷ்யனிலும் அதே வேற்றுமைதான், அவர்கள் வரிசையில் மூன்றாவதாக நிற்கும் ‘தாத்தெல்னி’. எனக்கு, ‘ம்னெ’. அவனுக்கு, ‘யெமூ’. அவளுக்கு, ‘யேய்’. அவர்களுக்கு, ‘இம்’.

ஒற்றுமை இன்னும் ஆழமாகப் போகிறது. ‘எனக்குச் சங்கடமாக இருந்தது’ என்பதில் வினை ‘இருந்தது’, அஃறிணை ஒருமை. சொல்கிறவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதே இல்லை. ரஷ்யனில் ‘ம்னெ பீலொ நெலோவ்கோ’. ‘பீலொ’வும் அலிப்பால் ஒருமை, யார் சொன்னாலும் மாறாது. எதிர்காலத்துக்கு ‘பூதெத்’. சட்டென்று சங்கடமாகிவிட்டது என்றால் ‘ஸ்தாலொ’. இந்த இடத்தில் ஆங்கிலத்தை முழுக்க மறந்துவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போடுங்கள், தானாகவே சரியாக வரும்.

8 பிப்ரவரி – வசனமொழிபெயர்ப்பு செய்பவர்

ஒரு திருத்தம். நெஉக்லியூஷி உடம்போடு மட்டும் நின்றுவிடுவதில்லை. ‘நெஉக்லியூஷயா ஷூத்கா’, சரியாக எடுபடாத ஜோக். ‘நெஉக்லியூஷயா போபீத்கா’, அரைகுறையான முயற்சி. ‘நெஉக்லியூஷி கொம்ப்லிமேந்த்’, வாயில் வராத பாராட்டு. இவை மூன்றும் ரஷ்யனில் அன்றாட வழக்கு.

8 பிப்ரவரி

மிகத் தேவையான சேர்ப்பு. அப்படியானால் எல்லையை இப்படி வரையலாம்: உடம்பு, அல்லது ஒருவர் செய்து சொதப்பிய செயல். ஜோக் ஒருவர் அடிப்பது, முயற்சி ஒருவர் எடுப்பது, பாராட்டு ஒருவர் சொல்வது. செய்தவரின் தடுமாற்றம் செய்த காரியத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மௌனம் யாரும் செய்வதில்லை, அது வந்து கவிகிறது. அதனால்தான் அங்கே நெஉக்லியூஷி ஒட்டவில்லை.

இதே சோதனையைக் கேள்விக்கும் வைக்கலாம். ‘நெஉக்லியூஷி வோப்ரோஸ்’ என்றால் வார்த்தை கோணலாக அமைந்த கேள்வி. அது யாரையும் நெளியவைக்க வேண்டிய அவசியமில்லை.

நெஉக்லியூஷியின் பிறப்பும் சுவையானது. ‘நெ’யை எடுத்துவிட்டால் மீதி நிற்கும் சொல் இலக்கிய ரஷ்யனில் கிடையாது. வட்டார வழக்கில் ‘க்லியூஷி’ என்று ஒன்று இருந்தது: வடிவான, வாட்டசாட்டமான. நேர்மறை செத்துவிட்டது, மறுப்பு மட்டும் பிழைத்தது. ஆங்கில ‘அன்கெய்ன்லி’யும் ஏறக்குறைய இதே கதை. அதில் உள்ள ‘கெய்ன்’ என்பது நேரான, கைக்குத் தோதான என்று பொருள்படும் பழைய நார்ஸ் சொல். அதைத் தனியாக இன்று யாரும் சொல்வதில்லை.

9 பிப்ரவரி

உச்சரிப்பும் எழுத்தும், சுருக்கமாக. இங்கே நான் ரஷ்யச் சொற்களைப் பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து தமிழில் போடுகிறேன். வாயில் வருவது கொஞ்சம் வேறு.

‘நெலோவ்கி’யில் அழுத்தம் ‘லோ’வில். அடுத்து வரும் ‘வ்’, ‘க்’குக்கு முன்னால் நிற்பதால் ‘ஃப்’ ஆகிவிடும். ஆக ‘நிலோஃப்கி’. அழுத்தமில்லாத ‘ஒ’ எல்லாம் ‘அ’ பக்கம் சாயும், ஆகவே வினையடை ‘நிலோஃப்க’ என்று கேட்கும்.

‘நெஉக்லியூஷி’யில் உள்ள ‘ஷ’, அதிர்வொலி. தமிழில் அதற்கு எழுத்தில்லை. ‘ஷ’ சொல்லும்போது தொண்டையில் கைவைத்தால் அதிர வேண்டும். அதன் பின் எழுதுவது ‘இ’, ஒலிப்பது நாக்கை உள்ளிழுத்த ‘இ’. வினையடையில்தான் கவனம் வேண்டும்: நெலோவ்கோ, நெஉதோப்னோ (வசதியில்லாமல்) என்று மற்றவை ‘ஒ’வில் முடியும். இது மட்டும் ‘நெஉக்லியூஷெ’, ‘எ’யில் முடியும். ஷகர வகை ஒலிகளுக்குப் பின் அழுத்தமில்லாத இடத்தில் ‘ஒ’ எழுதக்கூடாது என்ற விதி.

‘நெ’யைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா? பெயரடையோடு சேர்த்துத்தான். ‘பெரியது அல்ல, சிறியது’ என்பது போல எதிர்நிறுத்திச் சொன்னால் பிரியும். நெஉக்லியூஷி எப்போதும் சேர்ந்தே இருக்கும், பிரித்தால் மிச்சச் சொல்லே இல்லையே.

11 பிப்ரவரி

‘ஆக்வர்ட் கொஸ்ச்சன்’ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு தொடருக்கே ரஷ்யனில் நான்கு வழி இருக்கிறது, நான்கும் வேறு வேறு.

‘நெஉதோப்னி வோப்ரோஸ்’: பதில் சொல்ல வேண்டியவருக்கு இடைஞ்சலான கேள்வி. அதிகாரியிடம், அமைச்சரிடம், மேலாளரிடம் கேட்பது. கேட்பவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை, தைரியமாகவே கேட்கிறார்.

‘ஷெக்கோத்லிவி வோப்ரோஸ்’: கூசவைக்கும் விஷயம். ‘ஷெக்கோதாத்’ என்றால் கிச்சுக்கிச்சு மூட்டு. பணம், சொத்துப் பங்கீடு, அந்தரங்கம் போன்றவை. பதமாகக் கையாள வேண்டும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

‘நெலோவ்கி வோப்ரோஸ்’: கேட்டவுடன் அறையில் எல்லோருக்கும் சங்கடம், கேட்டவர் உட்பட.

‘காவெர்ஸ்னி வோப்ரோஸ்’: நம் ‘இடக்குமடக்கான கேள்வி’. மாட்டிவிடுவதற்காகவே கேட்பது. ஆங்கிலத்தில் இதற்கு ‘டிரிக்கி’ பொருத்தம். ஆனால் ஆக்வர்ட் என்று எழுதியிருந்தாலும் சில வாக்கியங்களில் கருத்து இதுவாகவே இருக்கும்.

எதைத் தேர்வது என்பதற்கு வாக்கியம் போதாது. அதற்கு முன்னால் ஒரு பத்தி, பின்னால் ஒரு பத்தி படிக்க வேண்டும். யார் நெளிகிறார் என்று பாருங்கள். பதில் சொல்பவர் மட்டும் நெளிந்தால் நெஉதோப்னி. எல்லோரும் நெளிந்தால் நெலோவ்கி. யாரும் இன்னும் நெளியவில்லை, நெளியப் போகிறார்கள் என்றால் ஷெக்கோத்லிவி.

11 பிப்ரவரி, சற்றுப் பின்

‘ம்னெ நெஉதோப்னோ’வுக்கும் ‘ம்னெ நெலோவ்கோ’வுக்கும் என்ன வேறுபாடு என்றால்: முதலாவது மரியாதை, முறை சார்ந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒருவருக்குப் போன் செய்வது நெஉதோப்னோ, முறையில்லை. இரண்டாவது உள்ளே எழும் கூச்சம். முதலாவதற்கு இன்னொரு பொருளும் உண்டு, உடம்புக்கு வசதியில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் ‘ம்னெ நெஉதோப்னோ’ என்றால் நாற்காலியைப் பாருங்கள்.

‘நெஉதோப்னி செலவேக்’ என்று மனிதருக்குச் சொன்னால் முற்றிலும் வேறு: மேலிடத்துக்குத் தொல்லையாக இருப்பவர், உண்மையைச் சொல்லிக் குடைச்சல் கொடுப்பவர். பல சமயம் அது பாராட்டாகவே வரும்.

வேர் விஷயத்தில் ஒன்று: உதோப்னியில் இருக்கும் ‘தோப்’ என்ற அடி, ‘தோப்ரி’ (நல்ல) என்பதிலும் இருக்கிறது. பொருந்துதல் என்ற இந்தோ-ஐரோப்பிய வேர் அது. ஆங்கிலத்தில் அதே வேரிலிருந்து வந்தது ‘டெஃப்ட்’, லாவகமான. ஆக்வர்டின் நேர் எதிர்ச்சொல்! ஆக, நெஉதோப்னி என்பதை வேருக்கு வேர் ஆங்கிலமாக்கினால் ‘அன்டெஃப்ட்’ என்று வரும்.

13 பிப்ரவரி

பொருள்கள், கருவிகள், உடல் நிலை. இதில் விவாதிக்க அதிகமில்லை.

தூக்கச் சிரமமான பெட்டி, வடிவம் ஒத்துவராத மேசை: ‘க்ரோமோஸ்த்கி’. எழுத்தில் ‘த்’ உண்டு, வாயில் வராது. கைக்கு வாகில்லாத கருவி: ‘நெஉதோப்னி வ் ஒப்ராஷ்ஷேனிய்’, புழங்க வசதியற்ற. கழுத்து பிடித்துக்கொள்ளும் மாதிரி படுத்தால்: ‘நெஉதோப்னயா போஸா’. சரிப்படாத நேரம்: ‘நெஉதோப்னோயே வ்ரேம்யா’.

வளரும் வயதுப் பையன், கைகால் நீண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் இருப்பவன்: ‘நெஸ்க்லாத்னி’ அல்லது ‘உக்லோவாத்தி’. பின்னது ‘ஊகொல்’, மூலை என்பதிலிருந்து. முழங்கையும் தோளும் முனை முனையாகத் தெரிவது. ஆனால் ‘ஆக்வர்ட் ஏஜ்’ என்ற தொடருக்கு ‘பெரெஹோத்னி வோஸ்ராஸ்த்’ என்பதுதான் நிலைபெற்ற சொல், மாறும் வயது. அதில் சங்கடம் என்ற நிறம் போய்விடுகிறது. அது வேண்டுமென்றால் வேறொரு வாக்கியத்தில் ஏற்றுங்கள், அந்தத் தொடரை உடைக்காதீர்கள்.

கோணலான எழுத்துநடை: ‘கோர்யாவி’. முறுக்கிக்கொண்ட மரக்கிளைக்குச் சொல்வதும் அதே. மோசமான மொழிபெயர்ப்பை ரஷ்யர்கள் திட்டும்போது முதலில் வாயில் வருவது ‘கோர்யாவி பெரெவோத்’.

14 பிப்ரவரி

பேசியதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம். ஆங்கிலத்தில் நான்கு பெயர்களுக்கும் ஆக்வர்ட் என்ற ஒரே அடை வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்: பையன், பொட்டலம், மௌனம், கேள்வி.

‘நெஸ்க்லாத்னி மால்ச்சிக், தெர்ஷா க்ரோமோஸ்த்கி ஸ்வ்யோர்தொக், வ் நெலோவ்கோம் மோல்ச்சானிய் ஸாதால் நெஉதோப்னி வோப்ரோஸ்.’

தமிழில்: ஒல்லியாக நெட்டையாக வளர்ந்த பையன், கைக்கு அடங்காத பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, சங்கடமான மௌனத்தில், ஏடாகூடமான கேள்வி ஒன்றைக் கேட்டான்.

நான்கு இடத்திலும் நெலோவ்கி போட்டுப் படித்துப் பாருங்கள். பையன் பொருட்களை நழுவவிடுபவன் ஆகிறான். பொட்டலத்தோடு அந்தச் சொல் சேரவே சேராது. மௌனம் மட்டும் சரி. கேள்வி ஓரளவு தேறும், ஆனால் எல்லோரையும் கூச வைத்ததாக அர்த்தம் மாறும்.

கூடுதலாக ஒன்று: அந்த வாக்கியத்தில் ஆக்வர்டின் வேர் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் சொல்லுங்கள்.

15 பிப்ரவரி – கேள்வி கேட்டவர்

ஸ்வ்யோர்தொக்? ‘வெர்த்தேத்’தின் ‘வெர்த்’ உள்ளே தெரிகிறது.

15 பிப்ரவரி

அதேதான். சுற்றி மடித்தது ஸ்வ்யோர்தொக். பொட்டலத்துக்குள் ‘வர்ட்’ இருக்கிறது.

17 பிப்ரவரி

கொஞ்சம் தடம் மாறுகிறேன். கணினிக்காரர்கள் ‘ஆக்’ என்ற நிரல்மொழியைப் பற்றிக் கேட்டார்கள். 1977இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கியது. மூவர் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து அந்தப் பெயர். நார்ஸ் வேருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர்கள் எழுதிய நூலின் அட்டையில் ஆக் பறவை இருப்பதால், ஒரே ஒலியுள்ள மூன்று சொற்களும் ஒரு இடத்தில் கூடிவிட்டன.

செத்துப்போன ‘ஆக்’ இன்னொரு இடத்தில் மறுபிறவி எடுத்திருக்கிறது. அமெரிக்க ஆசிரியர்கள் மாணவர் கட்டுரையில் கோணலான வாக்கியத்தின் ஓரத்தில் ‘ஆக்’ என்று மூன்றெழுத்து போடுவார்கள். சுருக்கம்தான், ஆனால் வெட்டிய இடம் சரியாகப் பழைய துண்டின் எல்லை.

இன்னொன்று, ‘கிளம்ஸி’. இதையும் நெஉக்லியூஷி என்றே ரஷ்யனில் போடுவோம். அதன் அடியில் இருப்பது குளிர்: விரல் விறைத்துப்போன நிலையைச் சொல்லும் ஸ்காண்டிநேவியச் சொல் வழியாக வந்தது. ரஷ்யனில் வெட்கத்துக்கு ‘ஸ்தித்’. அது ‘ஸ்தூஷா’, கடுங்குளிர் என்பதோடு உறவு. ஆங்கிலத்தில் குளிர் கையைத் தடுமாற வைத்தது. ரஷ்யனில் மனத்தைக் குறுக வைத்தது. நெலோவ்கோ லேசான சங்கடம் என்றால் ‘ஸ்தித்னோ’ அதற்கு மேலே, குற்ற உணர்வு கலந்த வெட்கம். ஆக்வர்டுக்கு ‘ஸ்தித்னோ’ போட்டால் உணர்ச்சி கூடிப்போகும்.

18 பிப்ரவரி

‘ஆக்வர்ட் பொசிஷன்’. வேற்றுமை தவறும் இடம், எனவே மெதுவாக.

ஒருவரைச் சங்கடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது: ‘போஸ்தாவித் வ் நெலோவ்கோயே போலோஷேனியே’. இங்கே நம் இரண்டாம் வேற்றுமைக்கு ஒப்பானது வரும், ஏனென்றால் நகர்வு இருக்கிறது. போய் மாட்டிக்கொள்வது: ‘போபாஸ்த் வ் நெலோவ்கோயே போலோஷேனியே’, இதுவும் நகர்வு, இதுவும் இரண்டாம் வேற்றுமை. ஆனால் சங்கடமான நிலையில் இருப்பதாகத் தெரியவருவது: ‘ஒகஸாத்ஸா வ் நெலோவ்கோம் போலோஷேனிய்’, இருப்பு, ஆகவே நம் ஏழாம் வேற்றுமைக்கு ஒப்பான ‘ப்ரெத்லோஷ்னி’. ‘போபாஸ்த்’தும் ‘ஒகஸாத்ஸா’வும் பொருளில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றின் வேற்றுமையை மற்றதற்குப் போட்டுவிடுகிறார்கள்.

சங்கடம் மனத்தில் இல்லை, வழி தெரியாமல் முழிக்கும் நடைமுறைச் சிக்கல் என்றால் நெலோவ்கியை எடுத்துவிட்டு ‘ஸத்ருத்னீத்தெல்னி’ போடுங்கள். கடன் கட்ட முடியாத நிறுவனம் ‘வ் ஸத்ருத்னீத்தெல்னோம் போலோஷேனிய்’ இருக்கிறது. அதற்குக் கூச்சம் கிடையாது. நம் தர்மசங்கடம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. பெரும்பாலும் நெலோவ்கி பக்கம்.

20 பிப்ரவரி – வசனமொழிபெயர்ப்பு செய்பவர்

பிரிட்டிஷ் வசனங்களில் ‘டோன்ட் பி ஆக்வர்ட்’ என்று வருகிறதே, அதில் கூச்சம் இல்லை.

20 பிப்ரவரி

இல்லை, அங்கே இருப்பது பழைய பொருள்: எதிர்ப்பக்கம் திரும்பி நிற்பது. ‘முரண்டு பிடிக்காதே, இடக்குப் பண்ணாதே’. ரஷ்யனில் குழந்தையிடமும் நெருங்கியவரிடமும் ‘நெ வ்ரேத்னிச்சாய்’. பெரியவர்களைப் பற்றிப் பொதுவாகச் சொன்னால் ‘உப்ரியாமித்ஸா’, பிடிவாதம் பிடி. ‘ஆக்வர்ட் கஸ்டமர்’ என்பது கடைக்கு வருபவரை மட்டும் சொல்வதில்லை. சமாளிக்கக் கடினமான எந்த ஆளுக்கும் வரும். ‘க்லியேந்த்’ என்று போட்டால் கடைக்காரர் கதை ஆகிவிடும். ‘த்யஷோலி செலவேக்’ போடுங்கள்.

‘ஆக்வர்ட் ஸ்குவாட்’ 18ஆம் நூற்றாண்டு இறுதியில் பட்டாளத்தில் வழங்கியது. அணிவகுப்பு இன்னும் பழகாத புது ஆட்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1796இல் மரணப்படுக்கையில், அந்த ஸ்குவாட் என் கல்லறைமேல் துப்பாக்கி மரியாதை செலுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். இன்று அதே தொடர் கட்சிக்குள் ஒத்துழைக்காத கூட்டத்துக்கு வருகிறது. ரஷ்யனில் முதல் பொருளுக்கு ‘நோவோப்ரான்த்ஸி’, புதிதாகச் சேர்ந்தவர்கள். இரண்டாவதற்கு நிலைத்த தொடர் இல்லை, விளக்கித்தான் எழுத வேண்டும்.

22 பிப்ரவரி

கடைசியாகக் கேட்டது: தனியாக, இழுத்து, ‘ஆக்வர்ட்!’ என்று இளைஞர்கள் சொல்வது. ‘நெலோவ்கோ’ என்று ஒற்றைச் சொல்லாகவும் போடலாம், ஆனால் ‘நெலோவ்கோ வீஷ்லொ’, சங்கடமாப் போச்சு, என்பதுதான் வாயில் தானாக வருவது. ‘வீஷ்லொ’வும் அதே அலிப்பால்.

பிறர் அவமானப்படுவதைப் பார்த்து நாம் கூசினால் அது வேறு: ‘இஸ்பான்ஸ்கி ஸ்தித்’, ஸ்பானிய வெட்கம். ஸ்பானிஷில் பிறர்பொருட்டு வரும் வெட்கத்துக்குத் தனித் தொடர் இருப்பதால் இந்தப் பெயர். இப்போதைய இளைஞர்கள் அதற்கும் ஆங்கிலத்திலிருந்து எடுத்த ‘க்ரின்ஷ்’ஷைச் சொல்கிறார்கள். வசனத்தில் பேசுபவர் நாற்பதைத் தாண்டியவர் என்றால் க்ரின்ஷைத் தவிருங்கள். பதினைந்து வயது என்றால் ‘இஸ்பான்ஸ்கி ஸ்தித்’ கொஞ்சம் மூத்த குரலாகக் கேட்கும்.